வாலை விட்டுவைத்த ஆடும் பெயர் மாறிய டைனோசரும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரையின் கறிக்கடைகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். ஆட்டை முழுக்க உரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். வால் நுனியில் மட்டும் கொஞ்சம் முடியை விட்டுவைத்திருப்பார்கள். வெள்ளாடுதான், செம்மறி இல்லை என்று வாங்க வருகிறவருக்குக் காட்டத்தான் அது. போன மாதம் தெற்குவாசல் பக்கம் ஒரு கடையில் தொடை எலும்பு ஒன்றைக் காட்டி, "அண்ணே, இதை மட்டும் வைத்து எந்த ஆடு என்று சொல்லிவிடுவீர்களா?" என்று கேட்டேன். இருபது வருடமாக வெட்டுக்கட்டைக்கு முன் நிற்பவர் அவர். எலும்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கறியும் கொழுப்பும் ஒட்டியிருந்தால் சொல்லிவிடுவேன் அம்மா. வெறும் எலும்பென்றால் நானும் யோசிக்கத்தான் வேண்டும்" என்றார்.

அகழாய்வுக் குழிகளில் கிடைக்கும் விலங்கு எலும்புகளை ஆராய்கிறவர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. உடைந்த எலும்பு என்றால் பல நேரம் "வெள்ளாடு அல்லது செம்மறி" என்று சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். நம் தெருவில் மேயும் இரண்டு விலங்குகளுக்கே இந்த நிலை. ஏழு கோடி வருடங்களுக்கு முன் வாழ்ந்து, ஒரு கால் எலும்பையும் இடுப்பெலும்பில் கொஞ்சத்தையும் மட்டும் விட்டுப் போன விலங்குக்குப் பெயர் வைப்பது எப்படி இருக்கும்?

இதை நான் யோசிக்கக் காரணம் என் அக்கா மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள், டைனோசர் பைத்தியம். "சித்தி, படத்தில் ராஜாசாரஸ் முழுசாக இருக்கிறது. ஆனால் எலும்புக்கூடு முழுசாகக் கிடைக்கவில்லை என்று கீழே போட்டிருக்கிறது. பிறகு எப்படிப் படம் வரைந்தார்கள்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அவளை முதலில் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளுக்கு முன் நிறுத்தி, இரண்டு வகை ஓடுகளைப் பார்க்கச் சொன்னேன். ஒன்று பானையின் வயிற்றுப் பகுதியிலிருந்து உடைந்தது. லேசாக வளைந்திருக்கும், அவ்வளவுதான். குடமா, பானையா, பெரிய தாழியா என்று அந்த வளைவை வைத்துச் சொல்வது கடினம். இன்னொன்று வாய் விளிம்பு. உதடு வெளியே மடிந்திருக்கிறதா, உள்ளே சாய்ந்திருக்கிறதா, கழுத்து குறுகுகிறதா என்பதெல்லாம் அந்த விரலளவுத் துண்டிலேயே தெரியும். விளிம்பின் வளைவை வட்டங்கள் வரைந்த தாளில் வைத்துப் பார்த்தால் பானையின் வாய் எவ்வளவு அகலம் என்று கணக்கிட்டுவிடலாம். வயிற்று ஓடு உள்ளங்கை அகலம் இருந்தாலும் வாய் திறக்காது. விளிம்பு ஓடு சிறியதாக இருந்தாலும் பேசும்.

எலும்புகளும் அப்படித்தான். சிறியதா பெரியதா, எத்தனை என்பதெல்லாம் பிறகு. எந்த எலும்பு என்பதுதான் முதல் கேள்வி. பெரிய ஊனுண்ணி டைனோசர்கள் எல்லாம் தெரோபாட் என்ற பிரிவைச் சேர்ந்தவை. இரண்டு காலில் நடந்தவை, எலும்புக்குள் வெற்றிடம் உள்ளவை. பறவைகளும் இந்தக் கிளையில் வந்தவைதான். ஒரு விலா எலும்பைக் காட்டி "உள்ளே வெற்றிடம் இருக்கிறது, எனவே தெரோபாட்" என்று சொன்னால், "மண்ணால் செய்திருக்கிறது, எனவே பானை" என்று சொன்ன மாதிரிதான். எந்தப் பானை என்று தெரியாது. மூளையை மூடியிருந்த மண்டைப் பகுதி, மேல்தாடை, இடுப்பெலும்பு, கணுக்கால் ஆகியவை விளிம்பு ஓடு போன்றவை. ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஏதாவது ஒரு மடிப்பையோ துளையையோ முகட்டையோ அங்கே விட்டுவைத்திருக்கும். ஆய்வாளர்களின் சண்டைகள் பெரும்பாலும் அந்த முகடும் துளையும் உடைந்துபோன இடத்தில்தான் தொடங்குகின்றன.

மதுரையில் டைனோசர் எலும்பு தேடிப் பயனில்லை. யானைமலையும் நாகமலையும் பூமிக்கு அடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பழம்பாறைகள்; அவற்றில் எலும்பு தங்காது. வடக்கே திருச்சியைத் தாண்டி அரியலூருக்குப் போனால் பாறையே மாறிவிடுகிறது. அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. சுண்ணாம்புச் சுரங்கங்களில் கல்லாகிப்போன சுருள் நத்தைகள் கிடைக்கின்றன. அந்தக் கடலோரத்து ஆற்றுப் படிவங்கள் உள்ள இடம் கல்லமேடு. தமிழ்நாட்டின் மிகப் பெரிய டைனோசர் வழக்கு அங்கேதான் நடந்தது. என்னைக் கேட்டால், இந்தத் துறையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டில் கிடைத்த சில பிரம்மாண்டமான எலும்புகளை 1987இல் விவரித்தார்கள். இடுப்பெலும்பின் பகுதிகள், தொடை எலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்கை எலும்பு, ஒரு வால் முள்ளெலும்பு. பிருஹத்காயசாரஸ் மாட்லேயி என்று பெயர் வைத்தார்கள். பிருஹத் என்றால் பெரிய, காயம் என்றால் உடல். அதை ஊனுண்ணி என்று, தெரோபாட்களோடு சேர்த்து வகைப்படுத்தினார்கள்.

கீழ்க்கால் எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர். ஒரு சாதாரண வீட்டுக் கதவின் உயரம். டைரனோசாரஸின் மிகப் பெரிய எலும்புக்கூடுகளில் தொடை எலும்பே சுமார் 1.3 மீட்டர்தான். கல்லமேட்டு விலங்கு உண்மையில் ஊனுண்ணி என்றால், உலகில் நடந்த எந்த வேட்டை விலங்கும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. சில வருடங்களில் தொல்லுயிர் ஆய்வாளர் சங்கர் சாட்டர்ஜி போன்றவர்கள் அந்த எலும்புகளின் வடிவத்தைச் சுட்டிக்காட்டி, இது தெரோபாட் அல்ல, நீண்ட கழுத்தும் நான்கு தூண் கால்களும் கொண்ட தாவர உண்ணி, டைட்டனோசார் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது என்றார்கள். இன்று பெரும்பாலோர் ஏற்பது அதைத்தான். அப்படிப் பார்த்தால் உலகின் மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்று நம் மண்ணில் நடந்திருக்கிறது. அதன் எடை 100 டன்னைத் தாண்டும் என்று மதிப்பிட்டவர்களும் உண்டு.

வேட்டை விலங்காக இருந்தது ஒரே திருத்தத்தில் இலை தின்னும் விலங்காகிவிட்டது. இதைக் கேட்டு முதலில் ஆராய்ந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எலும்புகள் பதமில்லாதவை, கை வைத்தால் உதிர்பவை. வெயிலிலும் மழையிலும் அவர்கள் அவற்றை வெளியே எடுத்து, அளந்து, வரைந்து, உலகத்துக்குச் சொல்லியிருக்காவிட்டால் திருத்துவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. பிறகு அந்த எலும்புகள் நொறுங்கி இல்லாமலே போய்விட்டன. மிஞ்சியது சில கோட்டுப் படங்கள். அவற்றை மட்டும் பார்த்தவர்களில் சிலர், அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரமாக இருக்கலாம் என்றுகூடச் சொன்னார்கள். அந்தச் சந்தேகத்திலும் நியாயம் இருந்தது. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் இன்றும் கிடக்கிறது. 2022இல் அய்யாசாமியும் சௌரப் பாலும் தோண்டிய காலத்து நிழற்படங்களை வெளியிட்ட பிறகுதான் அந்தச் சந்தேகம் தணிந்தது.

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிட வேண்டும். ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, "இந்தப் பெயர் இந்த எலும்புக்கு" என்று ஒரு மாதிரியைக் குறித்தாக வேண்டும். அதை ஹோலோடைப் என்பார்கள். மூல மாதிரி என்று சொல்லலாம். நிலத்துக்கு மூலப்பத்திரம் எப்படியோ அப்படி. நாளை வேறு எலும்பு கிடைத்தால் அதை மூல மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் "இதுவும் அதுவே" என்று சொல்ல முடியும். மூல மாதிரியில் கால் எலும்பு மட்டும் இருந்து, புதிதாகக் கிடைத்தது மண்டையோடு என்றால் ஒப்பிடவே வழியில்லை. பானையின் அடிப்பகுதி ஒருவர் கையிலும் வாய்ப்பகுதி இன்னொருவர் கையிலும் இருப்பது போல. மூல மாதிரியே காணாமல் போனால் பத்திரம் தொலைந்த நிலம்தான்.

இந்தப் பத்திரக் கதை அமெரிக்காவிலும் அண்மையில் நடந்தது. ஒக்லஹோமாவில் கிடைத்த ஒரு பெரிய ஊனுண்ணிக்கு சாரோபாகனாக்ஸ் என்று 1995இல் பெயர் வைத்தார்கள். பல்லி தின்னிகளின் அரசன் என்பது ஏறக்குறைய அதன் பொருள். மூல மாதிரியாகக் குறிக்கப்பட்டது ஒரு முள்ளெலும்பின் மேல் பகுதி. 2024 டிசம்பரில் வெளிவந்த மறு ஆய்வு, அந்தத் துண்டு நீண்ட கழுத்துத் தாவர உண்ணியுடையதாகவே இருக்கக்கூடும் என்றது. அதே குழியில் கிடைத்த மற்ற எலும்புகளில் சில உண்மையில் பெரிய ஊனுண்ணியுடையவைதான். ஆனால் பெயர் ஒட்டியிருப்பது அந்த முள்ளெலும்பில். எனவே ஊனுண்ணி எலும்புகளுக்கு அலோசாரஸ் அனாக்ஸ் என்று புதிதாகப் பெயரிட வேண்டியதாயிற்று. விலங்கு எங்கும் போகவில்லை. பெயர்தான் இடம் மாறியது.

வேறு வேறு விலங்குகளின் எலும்புகள் ஒரே பெயருக்குள் சேர்ந்துவிடுவதைக் கிமேரா என்கிறார்கள். நம் கோயில் தூண்களில் யானைத் தலையும் சிங்க உடலுமாக யாளி நிற்கிறதே, அதன் எலும்பு வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் பழைய யாளி லமேட்டாசாரஸ். ஜபல்பூரின் பாரா சிம்லா குன்றில் கிடைத்த இடுப்பெலும்பு, கீழ்க்கால் எலும்பு, ஏராளமான கவசத் தகடுகள் எல்லாவற்றையும் ஒரே விலங்குடையவை என்று கருதிய சார்லஸ் மாட்லே, 1920களில் அதைக் கவச டைனோசர் என்று விவரித்தார். 1935இல் சக்கரவர்த்தி என்ற இந்திய ஆய்வாளர், "இது கவச டைனோசர்தானா?" என்று தலைப்பிலேயே கேட்டுக் கட்டுரை எழுதினார். இடுப்பும் காலும் ஊனுண்ணியுடையவை, தகடுகள் வேறு விலங்குடையவை. வெள்ளம் அடித்து ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறது. வைகையில் வெள்ளம் வடிந்த பிறகு யானைக்கல் தரைப்பாலத்தில் சிக்கிக் கிடப்பவற்றைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே குவியலில் கிடப்பதால் அவை ஒரே வீட்டிலிருந்து வந்தவை ஆகிவிடாது.

அதே ஜபல்பூரில் கிடைத்த இன்னொரு ஊனுண்ணியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. இண்டோசூக்கஸ். 1933இல் ஜெர்மானியரான பிரெடரிக் ஃபான் ஹ்யூனே சில மண்டையோட்டுத் துண்டுகளை வைத்து அதை அலோசாரஸ் குடும்பத்தில் சேர்த்தார். 1978இல் சாட்டர்ஜி அதை டைரனோசாரஸ் குடும்பத்தில் வைத்தார். 1985இல் அர்ஜென்டினாவில் பொனபார்த்தேயும் நோவாஸும் அபெலிசாரஸ் என்ற புதிய விலங்கை விவரித்தார்கள். உயரமான குட்டை முகம், சொரசொரப்பான முக எலும்பு. அந்த மண்டையோட்டைப் பார்த்த பிறகுதான் இந்தியத் துண்டுகள் எங்கே பொருந்தும் என்று தெரிந்தது. ஹ்யூனேயும் சாட்டர்ஜியும் துண்டுகளைத் தவறாகப் பார்க்கவில்லை. ஒப்பிட அவர்களிடம் இருந்தவை வட அமெரிக்காவின், ஐரோப்பாவின் விலங்குகள். சரியான சொந்தக்காரர் அப்போது இன்னும் மண்ணுக்குள் இருந்தார்.

இப்படிச் சொந்தம் அமைந்ததும் ஒரு கண்டமே புரிந்தது. இந்தியா, மடகாஸ்கர், தென் அமெரிக்கா மூன்றும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலம். மடகாஸ்கரில் கிடைத்த ஒரு தடித்த மண்டைக் கூம்பை 1979இல் விவரித்தார்கள். முட்டிச் சண்டையிடும் தாவர உண்ணியுடையது என்று கருதி மஜுங்கதோலஸ் என்றார்கள். 1998இல் முழு மண்டையோடு வெளிவந்தபோது அந்தக் கூம்பு அபெலிசாரஸ் கூட்டத்து ஊனுண்ணியின் நெற்றி என்று தெரிந்தது. அந்த ஊனுண்ணியை இன்று மஜுங்கசாரஸ் என்கிறார்கள். குஜராத்தின் ராகியோலியில் 1980களில் தோண்டி எடுத்து 2003இல் பெயரிட்ட ராஜாசாரஸும் இந்தக் கூட்டம்தான். அதன் மூளைப்பெட்டி கிடைத்தது, இடுப்பு கிடைத்தது, முதுகெலும்பும் காலும் கொஞ்சம் கிடைத்தன. பேசும் எலும்புகளே அகப்பட்டதால் மிச்சத்தை மஜுங்கசாரஸையும் அர்ஜென்டினா உறவினர்களையும் பார்த்து நிரப்பி வரைகிறார்கள். அக்கா மகளின் கேள்விக்கு நேரான பதில் இதுதான். ராஜாசாரஸும் ஜபல்பூரின் லமேட்டாசாரஸும் ஒன்றேயா என்று யாராவது கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஒப்பிட வேண்டிய அந்தப் பழைய இடுப்பெலும்புகள் இருக்குமிடம் தெரியவில்லை.

இனி பல். ஊனுண்ணி டைனோசர்களின் எச்சங்களில் அதிகம் கிடைப்பது பல்தான், ஏனென்றால் வாழ்நாள் முழுக்க விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தன. பனை மட்டையின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கருக்கைப் போலவே இந்தப் பற்களின் முன் ஓரமும் பின் ஓரமும் ரம்பமாக இருக்கும். 5 மில்லிமீட்டர் நீளத்தில் எத்தனை கருக்கு, ஒவ்வொன்றின் முனையும் மழுங்கலா கொக்கியா என்று உருப்பெருக்கியில் எண்ணுகிறார்கள். ஆனால் கறி அறுக்க வேண்டிய வேலை எல்லோருக்கும் ஒன்றுதான். வேலை ஒன்றானால் கருவியும் ஒன்றாகிவிடும். நிலத்தில் வாழ்ந்த சில முதலை உறவினர்களுக்கும் இதே கருக்குப் பல் இருந்தது. 2013இல் கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு பல்லை வைத்து, வட கண்டங்களில் மட்டும் அறியப்பட்டிருந்த ட்ரூடான் என்ற டைனோசர் குடும்பம் தென்னிந்தியாவிலும் இருந்தது என்று ஓர் ஆய்வு வெளிவந்தது. பல்லின் வடிவம் உண்மையிலேயே அந்தக் குடும்பத்தை நினைவூட்டுகிறது. ஆனாலும் தாடையோ கால் எலும்போ கூட வரும்வரை நான் காத்திருப்பேன்.

பல்லையும் தாடையையும் மட்டும் நம்பியதால் ஒரு பெயர் நூறு வருடம் குப்பைக்கூடையாகவே இருந்தது. 1824இல் அறிவியல் முறைப்படி முதலில் பெயர் பெற்ற டைனோசர் மெகலோசாரஸ். இங்கிலாந்தில் கிடைத்த, பற்களோடு கூடிய ஒரு தாடைத் துண்டுதான் அதன் முதன்மைச் சான்று. பிறகு எங்கே பெரிய கருக்குப் பல் கிடைத்தாலும் மெகலோசாரஸ் என்றார்கள். மடகாஸ்கரின் மஜுங்கசாரஸ்கூட 1896இல் அந்தப் பெயரோடுதான் நுழைந்தது.

துண்டு எலும்பு ஏமாற்றும் இன்னொரு வழி, அது பேசாததையும் நாம் பேச வைப்பது. மங்கோலியாவில் 1965இல் 2.4 மீட்டர் நீளமுள்ள இரண்டு கைகள் நகங்களோடு கிடைத்தன. டெய்னோகைரஸ், பயங்கரக் கை என்று பெயர். அந்தக் கைகளுக்கேற்ற கொடூர வேட்டையாடியை ஐம்பது வருடம் கற்பனை செய்தார்கள். 2014இல் உடம்பு வெளிவந்தது. வாத்து போன்ற பல்லில்லாத வாய், முதுகில் உயர்ந்த முள்ளெலும்புகள், வயிற்றில் செரிமானக் கற்களும் மீன் எச்சங்களும். இதைப் படித்தபோது எனக்கு அலங்காநல்லூர் நினைவு வந்தது. வாடிவாசலில் வீரர்கள் தழுவும் திமிலில் எலும்பே கிடையாது, அது தசை. புலிக்குளம் காளை ஒன்று புதைந்து எலும்பாகக் கிடைத்தால் திமில் போய்விடும். அதன் முதுகு முள்ளெலும்புகள் சிலவற்றின் நுனி இரண்டாகப் பிளந்திருப்பதை வைத்துத்தான், அதுவும் தெரிந்தவர் பார்த்தால்தான், திமில் மாடு என்று சொல்ல முடியும்.

வயதும் ஏமாற்றும். மொண்டானாவில் 1942இல் கிடைத்த ஒரு சிறிய மண்டையோட்டை 1988இல் நானோடைரனஸ் என்று தனி விலங்காக்கினார்கள். டைரனோசாரஸ் குட்டிதான் அது என்று மறுத்தவர்களும் நிறைய. அந்த வகையைச் சேர்ந்தவை என்று கருதப்பட்ட வேறு இரண்டு எலும்புக்கூடுகளின் கால் எலும்பை அறுத்து, மரத்துக்கு இருப்பது போன்ற வளர்ச்சி வளையங்களை எண்ணி, இவை இன்னும் வளர்ந்துகொண்டிருந்தவை என்று 2020இல் ஓர் ஆய்வு சொன்னது. விஷயம் முடிந்தது என்றே நானும் நினைத்தேன். 2025இல் சானோவும் நாப்போலியும் வேறொரு முழு எலும்புக்கூட்டை விவரித்தார்கள். சுமார் 20 வயது, வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது. பல மடங்கு பெரிய டைரனோசாரஸின் கையைவிட இதன் கை நீளம். குட்டி வளரும்போது கை சுருங்காது. வாலில் முள்ளெலும்புகளின் எண்ணிக்கையும் வேறு, வயதால் அது மாறுவதில்லை. நானோடைரனஸ் திரும்பி வந்துவிட்டது.

இவ்வளவு இழுபறி ஏன் என்றால், உறவு மரம் வரையும் முறையில் ஒவ்வொரு விலங்குக்கும் நூற்றுக்கணக்கான கேள்விகள் உண்டு. நெற்றியில் கொம்பு உண்டா, இடுப்பில் இந்தத் துளை உண்டா என்று. எலும்பு இல்லாத இடத்தில் கேள்விக்குறி போடுவார்கள். குறுக்கெழுத்தில் மூன்றெழுத்துச் சொல், முதல் எழுத்து மட்டும் 'ம' என்றால் மதுரையும் பொருந்தும், மணலும் பொருந்தும், மரபும் பொருந்தும். கடைசி எழுத்து 'ரை' என்று தெரிந்தால் மற்ற இரண்டும் விலகிவிடும். கேள்விக்குறி மிகுந்த விலங்கை மரத்தில் ஒரு கிளையில் வைத்தால், அடுத்த ஆய்வில் அது வேறு கிளைக்குத் தாவும்.

கல்லமேட்டுக்கு அந்தக் கடைசி எழுத்து எதுவாக இருக்கும் என்று அக்கா மகள் கேட்டாள். டைட்டனோசார்களின் வால் முள்ளெலும்பில் முன்பக்கம் கிண்ணம் போல் குழிந்திருக்கும், பின்பக்கம் பந்து போல் உருண்டிருக்கும். ஒன்றின் பந்து அடுத்ததன் கிண்ணத்தில் உட்காரும். அபெலிசாரஸ் கூட்டத்து ஊனுண்ணிகளின் வாலில் அந்தப் பந்து இல்லை. அதே படிவத்தில், கதவு உயரக் கீழ்க்கால் எலும்பு ஒன்றின் பக்கத்திலேயே உடையாத வால் முள்ளெலும்பு ஒன்று அடுத்த மழைக்கு வெளியே தெரிந்தால் போதும் என்றேன். "அப்படியானால் அதற்கும் வாலைத்தான் பார்க்க வேண்டும், கறிக்கடை மாதிரியே" என்றாள்.